மூளைக்கு ஒரு பொட்டலம்

எங்கள் அப்பா பொட்டலம் கட்டுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே கீழவாசல் கடைக்கு ஆள் வரும். நூறு கிராம் மிளகோ, கால் கிலோ துவரம்பருப்போ, எதுவானாலும் பழைய பேப்பரில் ஒரு கூம்பு, மேலே ஒரு மடிப்பு, உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டிலிருந்து சரட்டென்று ஓர் இழுப்பு, நாலு சுற்று, ஒரு வெட்டு. முடிச்சே கிடையாது. பஸ்ஸில் இடிபட்டு ஒரத்தநாடு போய்ச் சேர்ந்தாலும் ஒரு மிளகு சிந்தாது. ஒரு தடவை நான் சோப்பையும் டீத்தூளையும் ஒரே பையில் போட்டுவிட்டேன். கல்லாவிலிருந்து எழுந்து வந்து காதைத் திருகினார். "சாயங்காலம் அந்த வீட்டுல டீ குடிக்கிறவன் என்னைத்தாண்டா திட்டுவான், உன்னை இல்லே!"

அப்பாவும் போய், கடையும் போய், அந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். பொட்டலம் என்கிற வார்த்தையே எனக்கு மறந்துபோயிருந்த நேரத்தில், போன ஐப்பசியில் அக்கா ஃபோன் பண்ணி அழுதாள்.

"டேய், உன் மருமகன் பொட்டலம் கட்டறானாம்டா!"

"என்னக்கா உளர்றே?"

"நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிக்க வெச்சோம். ராத்திரி பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கானேன்னு கேட்டா, பேக்கேஜிங் பண்றேம்மாங்கறான். சம்பளம் எவ்வளவுன்னா சிரிக்கறான். மெட்ராஸ்ல வேலைக்கு ஆர்டர் வந்து மேஜை மேல கிடக்கு. நீ வந்து ரெண்டு அறை விடு."

அவனுக்குக் காது குத்தினபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அந்த உரிமையில், அறைவதற்காகத் திருவையாற்றுப் பக்கம் பஸ் ஏறினேன். நான் பி.காம். கம்ப்யூட்டர் என்றால் எனக்கு டேலி வரைக்கும் தெரியும். அதற்கு மேல் பயம். இருந்தாலும் மாமன் மாமன்தானே!

மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பயல் மச்சில் இருந்தான். திரையில் எறும்பு வரிசை மாதிரி எழுத்துக்கள் மேலே ஓடிக்கொண்டே இருந்தன.

"என்னடா பேக் பண்றே? அட்டைப் பெட்டியா?"

"மூளை மாமா" என்றான், திரும்பாமல்.

நான் ஓர் அடி பின்வாங்கினேன்.

பிறகு அவன் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. மெஷினில் ஒருவரைப் படுக்கவைத்து, இந்தப் படத்தைப் பார், அந்தச் சத்தத்தைக் கேள் என்று ஏதாவது வேலை கொடுக்கிறார்கள். மூளையில் எந்த இடம் உழைக்கிறதோ, அங்கே ரத்தம் கூடுதலாக ஆக்ஸிஜனைக் கொண்டுவந்து இறக்குகிறது. அந்த வித்தியாசத்தை மெஷின் பிடித்துவிடும். செய்ஜி ஒகாவா என்கிற ஜப்பானியர் 1990ல் சொன்ன சூட்சுமம் இது. ஆனால் மெஷின் கொடுப்பது நாம் பத்திரிகையில் பார்க்கிற சிவப்பு, மஞ்சள் படமல்ல. வெறும் எண்கள். மூளையை சர்க்கரைக் கட்டி மாதிரி துண்டு துண்டாக்கி, துண்டுக்கு ஓர் எண். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை அத்தனை துண்டுக்கும் மறுபடி புதிய எண். இந்தக் குவியலிலிருந்து "இந்த இடம் வேலை செய்தது" என்று சொல்வது சாஃப்ட்வேர்தான்.

இதை எழுதியவர்கள் எல்லாம் பல்கலைக்கழக ஆசாமிகள். அமெரிக்காவில் ராபர்ட் காக்ஸ் 1994 வாக்கில் ஆரம்பித்த 'ஆஃப்னி', ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த 'எஃப்.எஸ்.எல்.', லண்டனில் கார்ல் ஃப்ரிஸ்டன் கோஷ்டியின் 'எஸ்.பி.எம்.' என்று பல. காசு வாங்காமல்தான் கொடுக்கிறார்கள். (எஸ்.பி.எம். ஓட மேட்லாப் வேண்டும், அதற்குக் காசு. பேனா இலவசம், மைக்கு விலை.) ஆனால் இலவசமாகக் கிடைத்ததை நம் கம்ப்யூட்டரில் ஓடவைப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். அது இன்னொரு புரோகிராமைக் கேட்கும். அந்த இன்னொன்று, மற்றொன்றின் பழைய பதிப்பைத்தான் கேட்கும். பழையதைப் போட்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது படுத்துவிடும்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுடா!" என்றேன்.

"பல்லைப் பிடிச்சுப் பார்க்கறதுதான் மாமா என் வேலையே!"

டெபியன் என்று ஒரு லினக்ஸ். 1993 ஆகஸ்ட் 16ல் ஐயன் மர்டாக் என்கிற அமெரிக்க மாணவர் ஆரம்பித்தது. காதலி டெப்ரா பெயரில் பாதி, தன் பெயர் முழுசு, ஒட்டினால் டெபியன். (காதலிக்குக் கவிதை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதியவர் இவர்தான்.) உலகம் முழுக்க இருக்கிற தொண்டர்கள், சம்பளம் இல்லாமல், ஆளுக்குச் சில பொட்டலம் கட்டி அதில் சேர்க்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த பதிமூன்றாம் பதிப்பில் ஏறக்குறைய 70 ஆயிரம் பொட்டலங்கள். ஒரே ஒரு வரி தட்டினால், வேண்டிய பொட்டலமும் அதற்குத் துணையாக வரவேண்டியவையும் தானாக வந்து இறங்கும்.

மூளை ஆராய்ச்சிக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஜெர்மனியில் மைக்கேல் ஹான்கே, அமெரிக்காவில் யாரஸ்லாவ் ஹல்சென்கோ. இருவருமே மூளைத் தரவுகளை அலசுகிறவர்கள். தினமும் தாங்கள் படுகிற அவஸ்தையை மற்றவர்களும் படவேண்டாம் என்று 2000களின் நடுவில் ஆரம்பித்தது 'நியூரோடெபியன்' ஆயிற்று. நம் பயலுக்கு இது தொற்றியது 2023 ஜனவரியில். விழுப்புரத்தில் டெபியன்காரர்கள் இரண்டு நாள் சிறு மாநாடு போட்டார்கள். சாப்பாடு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவன், பொட்டலம் கட்டக் கற்றுக்கொண்டு திரும்பினான்.

கட்டுவது எப்படி என்று காட்டினான். முதலில், 'இதைக் கட்ட உத்தேசித்திருக்கிறேன்' என்று ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாண நோட்டீஸ் ஒட்டுவது போல. வேறு யாராவது ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் ஆட்சேபிக்கலாம்! அடுத்தது ஒரு ஃபைலில், இது ஓட எதெது வேண்டும் என்ற பட்டியல். சாம்பாருக்குப் பருப்பு, பருப்பு வேகக் குக்கர், குக்கருக்கு கேஸ்கெட், கேஸ்கெட் இன்ன சைஸ் என்கிற மாதிரி. எது எதோடு சேராது என்றும் எழுதலாம்.

"சோப்பு, டீத்தூள்" என்றேன்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லே. மேலே சொல்லு."

அதற்கப்புறம் வந்தது எங்கள் இனத்து வேலை. உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபைலையும் யார் எழுதினார், என்ன நிபந்தனையில் கொடுத்தார் என்று ஒன்று விடாமல் குறிக்க வேண்டும். வவுச்சர் வவுச்சராகப் பார்க்கும் ஆடிட்டர் தோற்றார். ஆயிரம் ஃபைலில் ஒன்றில் மட்டும் 'வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி இருந்தாலும் போச்சு. எல்லாருக்கும், எந்த வேலைக்கும் என்பது டெபியனின் சட்டம். ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்.எஸ்.எல்.லுக்கு அப்படி ஒரு நிபந்தனை இருப்பதால், எவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளையானாலும் திண்ணையோடு சரி, கூடத்துக்குள் விடமாட்டார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு, பல ரகக் கம்ப்யூட்டர்களில் அந்தப் பொட்டலத்தைக் கட்டிப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம், பெரிய பேங்குகளில் இருக்குமே, அந்த ராட்சசன். அது எண்களை நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நேர்மாறான வரிசையில் அடுக்கி வைக்கும் ஜாதி. நாலு நாளாகப் பயல் அதனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"எந்த மடையன்டா பேங்க் மெஷின்ல மூளையை ஆராயப் போறான்?"

"யாரும் மாட்டாங்க மாமா. ஆனா பழைய ஸ்கேன் ஃபைல் சிலது அந்த வரிசையில எழுதினதுதான். இங்கே உதைச்சுதுன்னா, அநேகமா புரோகிராமுக்குள்ளயே ஏதோ ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

கீழே அத்தான் நனைந்துகொண்டு வந்தார். குறுவை அறுத்த நெல், காயவைக்க வெயில் இல்லை. அரசாங்கக் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்று வரம்பு. "ஒரு வியாபாரி மெஷின்ல 17 காட்டுது மாப்ளே. பக்கத்துலயே இன்னொருத்தர் மெஷின், அதே மூட்டை, அதே கைப்பிடி, 19 காட்டுது. நெல்லைச் சந்தேகப்படறதா, மெஷினைச் சந்தேகப்படறதா?" என்றபடி தலையைத் துவட்டினார்.

பயல் சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்தான். எதுவும் பேசவில்லை.

சாப்பிட்டபின், வந்த காரியத்தை ஆரம்பித்தேன். உனக்கு ஏண்டா இந்த வம்பு, சினிமா பாட்டு கேட்கிற சாஃப்ட்வேரைக் கட்டினாலாவது நாலு பேர் உபயோகிப்பான், மூளைதான் கிடைத்ததா என்றேன். கொஞ்ச நேரம் விரலில் நெட்டி முறித்தான்.

"பாட்டி ஸ்கேன் ஞாபகம் இருக்கா மாமா?"

இல்லாமல் என்ன? அம்மா என்னோடு தஞ்சாவூரில் இருக்கிறாள். அதற்கு முந்தின தையிலிருந்து மறதி. காப்பியில் உப்பு. ஒரு நாள் காணோம் என்று தேடினால், கீழவாசலில் அந்த செல்போன் உறைக் கடை வாசலில் நின்று "அவர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். ஸ்கேன் சென்டரில் ஒரு சி.டி. கொடுத்தார்கள். சி.டி. போட லேப்டாப்பில் ஓட்டை இல்லை. ஓட்டை உள்ள கம்ப்யூட்டர் கிடைத்தபோது, அதனுள் இருந்த புரோகிராம் திறக்க மறுத்தது. பயல்தான் வந்து, டெபியனிலிருந்து எதையோ இறக்கி, அம்மாவின் தலையை வாழைத்தண்டு மாதிரி வில்லை வில்லையாகக் காட்டினான்.

"இதுவாடா என் மூளை?" என்று அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "உள்ளே ஏதாவது இருக்கா?"

"இருக்கு பாட்டி."

"உன் மாமனுக்கும் ஒண்ணு எடுத்துப் பாரு."

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன். அப்போது நான்தான் அவனிடம் கேட்டேன், உன் சாஃப்ட்வேரில் இரண்டையும் போட்டு, சுருங்கியிருக்கிறதா என்று அளந்து சொல்லேன் என்று. "ஆஸ்பத்திரி ஸ்கேன்ல அதெல்லாம் சரியா வராது மாமா" என்று முடித்துக்கொண்டான். நானும் விட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நான் அளந்து பார்த்தேன் மாமா" என்றான் இப்போது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹிப்போகேம்பஸ்னு ஒண்ணு. ஞாபகத்துக்கு முக்கியமான இடம். என் லேப்டாப்ல போட்டா, ஆறு மாசத்துல நல்லா சுருங்கியிருக்குன்னு வந்துது. ராத்திரி பூரா தூங்கலை. அம்மா மூஞ்சியைப் பார்க்க முடியலை. மறுநாள் ஃப்ரெண்டு ரூமுக்குப் போய் அவன் கம்ப்யூட்டர்ல போட்டேன். அதே சி.டி., அதே புரோகிராம். சுருங்கவே இல்லைன்னு வந்துது."

"எதுடா நிஜம்?"

"தெரியலையே! அதான் உங்ககிட்ட சொல்லலை. புரோகிராம் பேர் ஒண்ணுதான் மாமா. அடியில ஒரு லைப்ரரி, அவன்கிட்ட பழசு, என்கிட்ட புதுசு. அதுவும் ஆஸ்பத்திரியில எடுத்த படம் கனமான வில்லை, இப்படி அளக்கறதுக்காக எடுத்ததே இல்லை. நான் தொட்டிருக்கவே கூடாது."

அவன் மட்டும் இல்லை, பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் ஆராய்ச்சியாளர்கள் 2012ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மூளையை அளக்க உலகமே உபயோகிக்கும் 'ஃப்ரீசர்ஃபர்' என்ற சாஃப்ட்வேரில் அதே ஸ்கேன்களைப் போட்டுப் பார்த்தார்கள். பதிப்பு மாறினால் மூளைப் பகுதிகளின் கன அளவு சராசரியாக 8.8 சதவீதம் வித்தியாசப்பட்டது. பதிப்பை மாற்றாமல் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றினாலும், ஆப்பிளில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் மாற்றினாலும், அதில் ஏறக்குறைய பாதி வித்தியாசம். வியாதிதான் சுருக்கியதா, வெர்ஷன் சுருக்கியதா?

2016ல் இன்னொரு குண்டு. ஸ்வீடனின் ஆண்டர்ஸ் எக்லுண்டும் கூட்டாளிகளும், பிரபலமான மூன்று சாஃப்ட்வேர்களைச் சோதித்தார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் 'இருக்கிறது' என்று தவறாகச் சொல்வது 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சில முறைகளில் 70 சதவீதம் வரை போயிற்று. அந்தச் சோதனையின்போது ஆஃப்னியில் ஒரு பிழையும் பிடிபட்டது. 15 வருஷமாக உள்ளேயே குடியிருந்த பிழை! 15 வருஷம் ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பாலன்ஸ் ஷீட்டில் கூட்டல் தப்பு என்றால் எங்கள் வட்டாரத்தில் எத்தனை பேருக்கு மயக்கம் வரும்? மூலம் திறந்து கிடந்ததால் கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்தது செத்த மீன் கதைதான். கிரேக் பென்னட் என்ற அமெரிக்கரும் சகாக்களும் கடையில் ஒரு சால்மன் மீன் வாங்கி, எம்.ஆர்.ஐ. மெஷினில் படுக்கவைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன மனநிலையில் இருக்கிறார்?" என்று கேட்டார்கள். சில துண்டுகள் பளிச்சென்று வேலை செய்தன! செத்த மீன் யோசிக்கவில்லை. ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியாகச் சோதித்தால் நாலு துண்டு தற்செயலாகவே ஜெயித்துவிடும், அதற்குக் கணக்கில் கழிவு போட வேண்டும் என்று காட்டத்தான் இந்தக் கூத்து. 2009ல் வெளியிட்டார்கள். 2012ல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த சில மேலதிகாரிகளை இந்த மெஷினில் படுக்கவைத்தால் மீன் அளவுக்காவது வருமா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

"சரி, நீ கட்டற பொட்டலம் இதுக்கெல்லாம் என்ன பண்ணும்?"

"தப்பை நிறுத்தாது மாமா. ஆனா என்கிட்ட இருக்கறதும் அவன்கிட்ட இருக்கறதும் ஒண்ணுதானா, இல்லையான்னு ஒரு வரியில தெரிஞ்சுடும். எந்தத் தேதியில எந்தப் பொட்டலம் எப்படி இருந்ததுன்னு டெபியன்ல 2005லேர்ந்து எடுத்து வெச்சிருக்காங்க. பழசைத் திரும்ப இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். அன்னிக்கு எனக்கு அது தெரிஞ்சிருந்தா ஒரு ராத்திரி மிச்சம்."

அறையும் எண்ணம் எனக்கு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே! படியேறி வந்து நின்றாள்.

"கேட்டியா? ஒருத்தன் ஓசியில கட்டிக் கொடுப்பான், ஊரான் எடுத்துக்கிட்டுப் போவான். இது என்ன நியாயம்?"

பதில் சொன்னது நானும் இல்லை, பயலும் இல்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தான். "ஆதிரெங்கத்துல நான் நெல்லு வாங்கிட்டு வந்தேனே, அது என்ன நியாயம்?"

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006லிருந்து நெல் திருவிழா நடத்தினார். பாரம்பரிய ரகம் இரண்டு கிலோ விதை கொடுப்பார், காசு வேண்டாம். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது இன்னொரு விவசாயிக்குப் போகும். இப்படியே 174 ரகங்களை மீட்டெடுத்தார். 2018 டிசம்பரில் காலமானார். அத்தான் ஒரு வருஷம் மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்து, அடுத்த வருஷம் நாலு கிலோவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவர்.

"அதேதான்பா!" என்று பயல் குதித்தான். "நாங்களும் திருத்தினா, திருத்தினதைத் திருப்பிக் கொடுக்கணும். லைசென்ஸ்லயே இருக்கு." எல்லா லைசென்ஸிலும் அப்படி இல்லை, சிலதில்தான் என்று பிற்பாடு என்னிடம் தனியாக ஒப்புக்கொண்டான். அக்கா எதிரில் திருத்தவில்லை.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "விதை நெல்லைக் கொடுத்தாலும், சோத்துக்கு வெச்சுக்கிட்டுதானே கொடுத்தீங்க?" என்றாள். இதற்கு எங்கள் மூன்று பேரிடமும் பதில் இல்லை. நிஜத்திலேயே இல்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகங்களும் பிரிக்கிற பொட்டலத்தைக் கட்டுகிறவன், ஐப்பசி மழையில் கரண்ட் போனால் செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆர்வம் தீர்ந்தோ, கல்யாணமாகியோ கட்டுகிறவர் விலகிவிட்டால், அந்தப் பொட்டலத்துக்கு டெபியனில் 'அநாதை' என்றே பெயர். யாராவது தத்தெடுக்கிற வரைக்கும் பட்டியலில் கிடக்கும். பழுது முற்றினால் தூக்கிவிடுவார்கள்.

மெட்ராஸ் வேலையில் பயல் கார்த்திகையில் சேர்ந்தான். என்னால் அல்ல, அக்கா கேட்ட அந்தக் கேள்வியால். ஊருக்குப் போகும்முன் தஞ்சாவூர் வந்து, பாட்டியை என்னோடு டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பார்த்தார். அதைவிட அதிக நேரம் அம்மாவிடம் பேசினார். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றார். கிழமை தவறு. கழித்தல், கடைக்காரர் பெண்டாட்டி அல்லவா, இரண்டு வரை சரசரவென்று இறங்கிவிட்டு, "மீதி ரெண்டு ரூபா சில்லறை இல்லை, சாக்லெட் எடுத்துக்குங்க" என்றாள். மருந்து தொடரட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் டாக்டர். சி.டி.யைப் பயல் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

போன வாரம் காலை ஐந்தரைக்கு அக்கா ஃபோன். குரல் நடுங்கியது.

"டேய், மெட்ராஸ்லேர்ந்து பேசினான். நேத்து ராத்திரி ஒரு அநாதையைத் தத்தெடுத்துட்டானாம்டா! இன்னும் கல்யாணமே ஆகலை. யாரைக் கேட்டு எடுத்தான்? யார் வளர்க்கறது?"

"அழாதேக்கா. அது சோறு கேட்காது" என்றேன். "தூங்கத்தான் விடாது."